எண்ணுக்கு ஒரு சிம், நெட்டுக்கு ஒரு சிம்

கேள்வி: நானும் கணவரும் அடுத்த மாதம் மூன்று வாரப் பயணம் போகிறோம். முதல் பத்து நாள் பிரான்ஸில் லியோன் நகரத்தில் மகள் வீடு. அங்கிருந்து ரயிலில் ஜெனீவா, இரண்டு நாள். அப்புறம் மிலான், ரோம் என்று ஒரு வாரம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இப்போதிருக்கும் கம்பெனியிலேயே ரோமிங் பேக் போடச் சொல்கிறார் ஒருவர். போய் இறங்கியதும் ஏர்போர்ட்டில் சிம் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். மகள் இ-சிம் வாங்கு என்கிறாள். என் போன் புதிது. அவருடையது பழையது, இரண்டு சிம் போடலாம். போன வருடம் வெளிநாட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்த என் தங்கைக்கு வந்த பில்லை நினைத்தாலே பயமாக இருக்கிறது. போனைத் தொடவே இல்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள். பேங்க் ஓடிபி வராமல் போகுமோ, வாட்ஸ்அப் நம்பர் மாறிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் தங்கை பொய் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட பில்லோடு வருகிறவர்களை யாரும் நம்புவதில்லை. ரோமிங் பில் புகார்களைப் பல வருடம் கையாண்டவன் நான். பெரிய பில் வந்தவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் இல்லை. போனைப் பையில் போட்டுவிட்டு ஊர் சுற்றியவர்கள்தான். அவர்கள் தொடாவிட்டாலும் போன் சும்மா இருக்காது. எடுத்த படங்களைத் தானாக மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏற்றும், ஆப்களைப் புதுப்பிக்கும், குடும்பக் குழுவில் வந்த வீடியோக்களை எல்லாம் இறக்கும். ஐபோனில் 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 170 எம்பி. ஒரு நாளில் பத்து நிமிடம் எடுத்தால் அதுவே 1.7 ஜிபி. பேக் போடாத சிம்மில் அது ராத்திரியோடு ராத்திரியாக மேலே ஏறினால் என்ன பில் வரும் என்பதை உங்கள் தங்கை பார்த்துவிட்டார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் வேறொன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் எண் வேறு, நெட் வேறு. பேங்க் உங்களைத் தேடி வருவது எண்ணுக்கு. மேப் பார்ப்பதும் வாட்ஸ்அப்பில் பேசுவதும் ரயில் டிக்கெட்டைத் திறப்பதும் நெட்டில். இத்தனை நாள் ஒரே சிம் இரண்டையும் செய்ததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பழகிவிட்டோம். பயணத்தில் இரண்டையும் பிரித்துவிட்டால் உங்கள் கவலைகளில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். பழைய சிம் போனிலேயே இருக்கட்டும், எண்ணுக்காக மட்டும். நெட்டுக்கு வேறு ஒன்று.

முதலில் எண். ஒரே மாதிரிப் பெயரோடு இரண்டு விஷயங்கள் இருப்பதால் நிறையப் பேர் இங்கே தடுமாறுகிறார்கள். ரோமிங் சேவை என்பது உங்கள் கம்பெனி தன் பக்கத்தில் திறந்துவிடுவது. அது இருந்தால்தான் வெளிநாட்டு டவர் உங்கள் சிம்மை ஏற்கும், எஸ்எம்எஸ் வரும். டேட்டா ரோமிங் என்பது உங்கள் போனில் இருக்கும் சுவிட்ச். அதைத் தட்டினால்தான் அந்த சிம் வழியாக நெட் ஓடும். உங்களுக்கு வேண்டியது சேவை திறந்திருப்பதும் சுவிட்ச் அணைந்திருப்பதும். பில்லுக்குப் பயந்து சேவையையே மூடச் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கே ஓடிபி வராது. போன இடத்திலிருந்து அதைத் திறக்கச் சொல்ல கஸ்டமர் கேரைப் பிடிப்பது பெரும் பாடு, அதற்கும் ஓடிபி கேட்பார்கள். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கூப்பிட்டு, "இந்த எண்ணில் இன்டர்நேஷனல் ரோமிங் சேவை ஆன் ஆகியிருக்கிறதா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றிலும் எஸ்எம்எஸ் வருமா, வாங்குவதற்குக் கட்டணம் உண்டா" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். எஸ்எம்எஸ் வாங்கப் பெரும்பாலான கம்பெனிகள் காசு எடுப்பதில்லை. ஆனால் வருகிற அழைப்பை எடுத்தால் நிமிடக் கணக்கில் போகும். யாராவது கூப்பிட்டால் எடுக்காமல் விட்டு, வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள். வாய்ஸ்மெயில் வைத்திருந்தால் கிளம்பும் முன் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்காத அழைப்பு வெளிநாடு வரை வந்து மறுபடி வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பும்போது சில கம்பெனிகள் அதற்கும் வசூலிப்பார்கள். ப்ரீபெய்டு என்றால் மூன்று வாரத்துக்கும் வேலிடிட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு எந்த சிம்மில் நெட் வருகிறது என்பது பொருட்டே இல்லை. அது உங்கள் பழைய எண்ணிலேயே ஓடும். புது சிம் போட்டதும் எண்ணை மாற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது நெட்.

உங்கள் கம்பெனியின் ரோமிங் பேக் கெட்ட வழி இல்லை. எதையும் மாற்ற வேண்டாம், இறங்கியதும் வேலை செய்யும். மூன்று நான்கு நாள் பயணம் என்றால் நானே அதைத்தான் எடுக்கச் சொல்வேன். மூன்று வாரத்துக்குத்தான் அது கையைக் கடிக்கும். எடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, அல்லது நள்ளிரவோடு முடியும் நாளா, எந்த ஊர் நள்ளிரவு? சாயங்காலம் இறங்கி ஒரு முறை மேப் திறந்ததற்கு ஒரு நாள் பேக் தீர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, விமானம் மாறும் நாடு பட்டியலில் இருக்கிறதா? சேருமிடத்துக்குப் பேக் போட்டுவிட்டு, வழியில் மூன்று மணி நேரம் காத்திருந்த நாட்டில் மாட்டிக்கொண்ட புகார்கள் என் மேசைக்கு வராத மாதம் இல்லை.

அந்த நாட்டு சிம்மை அங்கேயே வாங்குவது நீண்ட நாள் தங்குவதற்கு நல்லது. டேட்டா நிறையக் கிடைக்கும், அந்த ஊர் எண்ணும் ஒன்று கிடைக்கும். பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருக்கும். ஏர்போர்ட் கவுன்டரில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் பிளானும் ஊருக்குள் விற்கும் பிளானும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. உங்களுக்கோ மகள் இருக்கிறாள். இரண்டாம் நாள் அவளோடு கடைக்குப் போனால் போதும்.

உங்கள் பயணத்தில் ஒரு நல்ல செய்தியும் ஒரு பொறியும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. 2022-இல் அந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டித்தார்கள். ஆகவே பிரான்ஸில் வாங்கிய சிம்மை இத்தாலியில் அப்படியே பயன்படுத்தலாம். வெளி நாட்டில் பயன்படுத்தும் டேட்டாவுக்கு ஒரு வரம்பு இருக்கக்கூடும், அதை மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பொறி நடுவில் இருக்கிறது. ஜெனீவா இருக்கும் சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. சுற்றிலும் ஒன்றிய நாடுகள், நடுவில் இது மட்டும் வேறு கணக்கு. நீங்கள் எல்லை தாண்டவே வேண்டாம், ஜெனீவா ஏரியின் பிரெஞ்சுக் கரையில் நின்றாலே போன் எதிர்க்கரை சுவிஸ் டவரைப் பிடித்துவிடலாம். டவருக்கு எல்லைக்கோடு தெரியாது. அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் நாடுகளின் பட்டியலை விரித்து, சுவிட்சர்லாந்து என்ற பெயர் அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். "ஐரோப்பா" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

அடுத்தது மகள் சொல்லும் இ-சிம். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு சிறு சில்லில், அட்டை இல்லாமல், நெட் வழியாக ஒரு சிம்மை இறக்கிக்கொள்வது. உங்கள் பழைய சிம்மை வெளியே எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. கழற்றிய சிம் தொலைந்துபோனால் மூன்று வாரத்துக்கு உங்கள் எண் போச்சு. உங்கள் போனில் இ-சிம் வசதி இருக்கிறதா என்று பார்க்க, அழைக்கும் திரையில் *#06# அழுத்துங்கள். வரும் எண்களில் இஐடி என்று ஒரு நீண்ட எண் இருந்தால் பெரும்பாலும் வசதி இருக்கிறது என்று அர்த்தம். ஐபோன் என்றால் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு, சீனாவில் விற்றவை பலவற்றில் கிடையாது. அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-இல் அட்டை சிம் போடும் தட்டே இல்லை, அதற்கு இ-சிம் மட்டும்தான். அதோடு போன் ஒரு கம்பெனிக்குப் பூட்டப்பட்டதாக இருக்கக் கூடாது. தவணையில் வாங்கியிருந்தால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய போனில் வேறு எந்த சிம்மும் ஏறாது, அட்டையோ இ-சிம்மோ.

பயண இ-சிம்களில் பெரும்பாலானவை நெட் மட்டுமே தரும், எண் தராது. உங்களுக்கு அது குறை இல்லை, எண் வேலையைத்தான் பழைய சிம் பார்க்கிறதே. "அன்லிமிடெட்" என்று எழுதியிருந்தால் மட்டும் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். தினமும் ஒரு அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைப்பார்கள். 128 கேபிபிஎஸ் என்று குறைத்தால் ஒரு எம்பி இறங்க ஒரு நிமிடம் ஆகும். மூன்று எம்பி உள்ள ஒரு போட்டோவுக்கு மூன்று நிமிடம். அந்த வேகத்தில் எழுத்துச் செய்தி போகும், தெருவில் நின்றுகொண்டு மேப் திறக்க முடியாது. அப்படிப்பட்ட அன்லிமிடெட்டைவிட "மொத்தம் 10 ஜிபி, 30 நாள்" என்று நேராகச் சொல்லும் பிளான் உங்களுக்கு நல்லது. பாதியில் தீர்ந்தால் மேலே வாங்கிப் போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் முறை இ-சிம் வாங்கியபோது, போய் இறங்கி நிறுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நள்ளிரவு, ஏர்போர்ட் வைஃபை உள்ளே போக எஸ்எம்எஸ் கேட்டது. ஒரு வழியாக மெயிலைத் திறந்தால் இ-சிம்மை நிறுவத் தேவையான க்யூஆர் கோடு என் போன் திரையிலேயே இருக்கிறது, அதைப் படம் பிடிக்க வேண்டிய கேமராவும் அதே போனில். மனைவியின் போனுக்கு அனுப்பலாம் என்றால் அதிலும் நெட் இல்லை. கூட வந்த ஒரு மாணவர் தன் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, அதாவது தன் நெட்டை எங்களோடு பகிர்ந்து, க்யூஆர் கோடைத் தன் திரையில் காட்டினார். நீங்கள் அந்த நிலைக்குப் போகவே வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வீட்டு வைஃபையில், க்யூஆர் கோடைக் கணவர் போனிலோ காகிதத்திலோ வைத்துக்கொண்டு நிறுவிவிடுங்கள். நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்று வாங்கும்போதே பாருங்கள். சிலவற்றில் நிறுவியதும் தொடங்கும், சிலவற்றில் அந்த நாட்டு டவரைப் பிடித்ததும்தான். இரண்டாவது வகை வாங்குங்கள். ஒரு முறை நிறுவிய கோடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. இணைப்பு வரவில்லையே என்று பதறி அதை அழித்துவிட்டு மீண்டும் போடலாம் என்று நினைக்காதீர்கள்.

செட்டிங்ஸை மகளை வைத்துச் செய்தாலும், என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். போனில் இரண்டு சிம்முக்கும் பெயர் வைக்கலாம். "வீடு" என்று பழையதற்கும் "பயணம்" என்று புதியதற்கும் வையுங்கள். மொபைல் டேட்டா எந்த சிம்மில் என்ற இடத்தில் "பயணம்". அதன் டேட்டா ரோமிங் ஆன். இங்கே பலரும் பயந்து அணைத்துவிடுவார்கள். பயண இ-சிம் என்பது பெரும்பாலும் வேறு ஒரு நாட்டு சிம், அது எங்கே போனாலும் ரோமிங்தான், சுவிட்ச் போட்டால்தான் நெட் வரும். மேலே மூலையில் ஆர் என்ற எழுத்து தெரியும், அதற்கும் பயப்பட வேண்டாம், நீங்கள் முன்பணம் கட்டியதற்கு மேல் எதுவும் போகாது. "வீடு" சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃப். அப்புறம் ஒரு வரி இருக்கும், ஒரு சிம்மில் சிக்னல் இல்லாவிட்டால் நெட்டுக்கு மற்ற சிம்மைத் தானாக மாற்றிக்கொள்ள அனுமதிக்கவா என்று. போனுக்குப் போன் அதன் பெயர் மாறும். அதைக் கட்டாயம் அணையுங்கள். ஜெனீவாவிலிருந்து மிலான் போகும் ரயில் சிம்ப்ளான் சுரங்கத்துக்குள் போகும், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளம். வெளியே வந்தால் இத்தாலி. அங்கே புது டவரைத் தேடும் நேரத்தில் போன் நம் நலனை நினைத்து வீட்டு சிம்முக்குத் தாவினால் என்னாவது? டேட்டா ரோமிங்கும் ஆஃப், இதுவும் ஆஃப் என்று இரண்டு தாழ்ப்பாள் போட்டுவிட்டால் நிம்மதி.

படங்களை மேகத்துக்கு ஏற்றுவது, ஆப் புதுப்பிப்பு இரண்டையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக இறங்குவதற்கு மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று தனித்தனி வரிகள் ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும். முதலும் கடைசியும் காலியாக இருக்கட்டும். ஐபோன் என்றால் புது சிம் ஏறியதும் ஃபேஸ்டைம், ஐமெசேஜ் இரண்டும் தம்மைப் பதிந்துகொள்ள ஒரு எஸ்எம்எஸ்ஸை உங்களுக்குத் தெரியாமல் அனுப்பும். அதற்கு ஒரு சிறு தொகை பில்லில் வந்தால் இது என்ன என்று திகைக்காதீர்கள்.

எவ்வளவு டேட்டா வேண்டும்? மகள் வீட்டுப் பத்து நாளைக் கழித்துவிடுங்கள், அங்கே வைஃபை இருக்கும். தங்கும் ஓட்டல்களிலும் இருக்கும். மிச்சம் வெளியே நடக்கும் நேரம்தான். வாட்ஸ்அப் பேச்சு நிமிடத்துக்கு ஒரு எம்பி கூட ஆகாது. வீடியோ அழைப்பு நிமிடத்துக்குச் சில எம்பி. மேப் மிகக் குறைவு, அதுவும் லியோன், ஜெனீவா, மிலான், ரோம் நான்கையும் வீட்டிலேயே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொண்டால் இன்னும் குறைவு. மொழிபெயர்ப்பு ஆப்பில் பிரெஞ்சு, இத்தாலி மொழிகளையும் அதே போல இறக்கிக்கொள்ளுங்கள். தின்பது படம் பார்ப்பதுதான். ஒரு மணி நேர ஹெச்டி படம் 3 ஜிபி வரை போகும். ரயிலில் பார்க்க வேண்டியதை முந்தின இரவே வைஃபையில் இறக்கிவிட்டால் 10 ஜிபி உங்களுக்குத் தாராளம்.

கணவருக்குத் தனியாக எதற்கு, என் போனின் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டலாமே என்று நீங்கள் நினைக்கலாம். காசு மிச்சம்தான், ஆனால் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். ஹாட்ஸ்பாட் நீங்கள் இருவரும் பக்கத்தில் இருக்கும் வரைதான். பிரிந்துபோகும் நிமிடத்தில்தான் ஒருவரையொருவர் கூப்பிட வேண்டும், அந்த நிமிடத்தில் அவர் கையில் நெட் இருக்காது. மிலான் ஸ்டேஷன் கூட்டத்தில் நீங்கள் ஒரு பக்கம் டாய்லெட் தேடிப் போக, அவர் பிளாட்பாரம் பார்க்கப் போக, இது நடக்கும். அவர் போனில்தான் இரண்டு சிம் போடலாமே. முதல் இடத்தில் பழைய சிம், இரண்டாவதில் லியோனில் மகளோடு போய் வாங்கிய பிரெஞ்சு சிம். சில போன்களில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே தட்டில்தான் உட்காரும், மெமரி கார்டு போட்டிருந்தால் இடம் இருக்காது, இப்போதே திறந்து பாருங்கள். அந்தப் பிரெஞ்சு பிளானில் சுவிட்சர்லாந்து இல்லை என்றால் ஜெனீவாவின் இரண்டு நாள் மட்டும் அவருடைய மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இருக்கட்டும், உங்கள் இ-சிம் பிளான் அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் சேர்ந்தே நடங்கள்.

ஓடிபி வந்தும் பேங்க் ஆப் திறக்காமல் முரண்டு பிடிக்கலாம். பயண இ-சிம்மின் நெட் சில சமயம் மூன்றாவது ஒரு நாட்டின் வழியாகச் சுற்றி வரும். நீங்கள் ரோமில் இருப்பீர்கள், பேங்க் கண்ணுக்கு வேறெங்கோ இருப்பது போலத் தெரியும், சந்தேகப்படும். வெளிநாடு போகிறேன் என்று முன்னதாகவே பேங்கில் சொல்லி வையுங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால் மகள் வீட்டு வைஃபையில் முயலுங்கள். பெயர் தெரியாத வைஃபையில் பேங்க் வேலை வேண்டாம், அதற்கு உங்கள் சொந்த டேட்டாதான் சரி.

விமானம் ஏறியதும் ஃப்ளைட் மோடு போடுங்கள், இறங்கும் வரை எடுக்காதீர்கள். சில விமானங்களிலும் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழியாக ஓடும் தனி நெட்வொர்க் உண்டு. சாதாரண பேக்குகள் பலவற்றில் அது சேராது, இருப்பதிலேயே விலை அதிகம் அதுதான். மகளின் எண்ணை +33 என்று தொடங்கி முழுதாக ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் ஆளுக்கொன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தீர்ந்தால் எந்த சிம்மும் உதவாது.

திரும்பி வந்து இறங்கியதும் மொபைல் டேட்டாவை "வீடு" சிம்முக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் டேட்டா வராமல் போன் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். இ-சிம்மை அன்றே அழிக்க வேண்டாம். அடுத்த பில் வந்து, மூன்று வாரத்துக்கும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, புரியாத தொகை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு அழியுங்கள். புரியாதது இருந்தால் பில்லை எனக்கு எழுதுங்கள், எண்ணை மட்டும் மறைத்துவிட்டு. தங்கையின் பழைய பில்லையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த நேரத்தில் எத்தனை எம்பி போனது என்ற விவரப் பட்டியலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே மூச்சில் போயிருந்தால், பேக் இல்லாதது பற்றி எச்சரிக்கை அனுப்பினீர்களா என்று அவர் எழுத்து மூலம் கேட்கலாம். அப்படிக் கேட்டுத் தொகை குறைந்தவர்கள் இருக்கிறார்கள்.